400-இல் தெரியும் கீறல் எந்தப் பெல்ட் போட்டது?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. அவர் லாரி ஸ்ப்ரிங் பட்டையிலும், விலைக்கு வாங்கிய 1084 என்ற கார்பன் எஃகிலும் சமையல் கத்திகள் செய்கிறார். தாமே வெல்டிங் வைத்துச் செய்த 2-க்கு 48 அங்குலப் பெல்ட் கிரைண்டரில் 60, 120, 220, 400 என்று படிப்படியாகத்தான் போகிறார் (இவை பெல்ட்டின் துகள் அளவைக் குறிக்கும் எண்கள்; எண் கூடக் கூடத் துகள் நுண்மையாகும்). பட்டறை விளக்கில் அலகு சுத்தமாகத் தெரிகிறது. வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் சாய்த்துப் பார்த்தால் வாயிலிருந்து முதுகுவரை கோடு கோடாக நிற்கிறது, கைப்பிடிப் பக்கம் ஓர் ஆழமான வெட்டும் தெரிகிறது. அதன் படத்தையும் அனுப்பி, விலை கூடிய பெல்ட் வாங்க வேண்டுமா, இயந்திரத்தையே மாற்ற வேண்டுமா என்று கேட்டு முடித்திருக்கிறார். ஆனால் அவர் மனத்தில் இருக்கும் கேள்வி வேறு என்றே எனக்குத் தோன்றுகிறது. எல்லா எண்ணையும் முறையாகத்தானே ஓட்டினேன், பிறகு இந்தக் கோடுகள் எங்கிருந்து வந்தன என்பதுதான் அது. அதற்கு விடை தெரிந்தால் பணம் செலவழிக்க வேண்டுமா என்பதும் தெரிந்துவிடும்.

நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில், பிளாஸ்டிக் வார்க்கும் எஃகு அச்சுகளை மெருகேற்றும் வேலையைப் பதினான்கு ஆண்டுகள் செய்தவன். கத்தி செய்யத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். எனவே எஃகின் மேற்பரப்பைப் பற்றி நான் சொல்வதில் பெரும்பகுதி பயிற்சியில் வந்தது. பெல்ட் கிரைண்டரைப் பற்றிச் சொல்வது நானே கெடுத்துக் கற்றது. நான் செய்பவை எல்லாம் தட்டையான சரிவு (முதுகிலிருந்து வாயை நோக்கி மெலிந்து இறங்கும் பக்கம்) கொண்ட கார்பன் எஃகுக் கத்திகள். சக்கரத்தில் வைத்துக் குழிவாகத் தேய்க்கும் முறையும், வனேடியம் மிகுந்த கடின எஃகுகளும் என் பழக்கத்தில் இல்லாதவை; அவற்றுக்கு இந்தப் பதிலை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

ஐயமில்லாமல் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். 400 பெல்ட்டுக்குப் பிறகு வெயிலில் தெரியும் ஆழமான கோடு, பெரும்பாலும் 400 போட்ட கோடு அல்ல. அது 60 போட்டது, 120-இல் போகாமல் தப்பியது. ஒவ்வொரு பெல்ட்டும் முந்தைய பெல்ட்டின் கீறலுடைய அடிமட்டம் வரை எஃகை எடுத்தாக வேண்டும். மேட்டை மட்டும் எடுத்து நிறுத்தினால் பள்ளம் அப்படியே இருக்கும். நுண்ணிய பெல்ட் அந்தப் பள்ளத்தின் இரு கரைகளையும் மழுக்கி மினுக்கிவிடுவதால் விளக்கடியில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். சாய்ந்த வெயில் பட்டால் பள்ளத்தில் நிழல் விழுந்து குட்டு வெளிப்படும். டூல் ரூமில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சீனச் சிஃபு அதிகம் பேசமாட்டார். நான் முடித்துவிட்டேன் என்று கொண்டுபோய்க் கொடுக்கும் அச்சை ஜன்னலோரம் சாய்த்துப் பார்த்து, ஒரே ஓர் எண்ணை மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுப்பார். "180." அதாவது, நீ 180-இல் விட்டுவிட்டு வந்த கீறல் இன்னும் இருக்கிறது, அங்கே திரும்பிப் போ என்று பொருள். கையில் 600 தாளோடு நிற்பவனுக்கு அதைவிடக் கசப்பான சொல் கிடையாது. ஆனால் ஒரு முறைகூட அவர் சொன்ன எண் தப்பியதில்லை.

எந்த எண்ணில் தவறினோம் என்பதைச் சிஃபு இல்லாமல் கண்டுபிடிக்கவும் ஒரு வழி உண்டு. கிரைண்டரில் அலகைக் குறுக்கே பிடிப்பதால் எல்லாப் பெல்ட்டும் ஒரே திசையில், வாயிலிருந்து முதுகு நோக்கியே கோடு போடுகிறது. பழைய கோட்டின் மேலேயே புதிய கோடு விழுந்தால் எது பழையது, எது புதியது என்று கண்ணுக்குத் தெரியாது. அச்சு மெருகேற்றுபவர்கள் ஒவ்வோர் எண்ணுக்கும் திசையை மாற்றுவது இதற்காகத்தான். 60-இல் நேராகத் தேய்த்தீர்கள் என்றால், 120-இல் அலகின் முனையைச் சற்று உயர்த்தி இருபது முப்பது பாகை சாய்வாகப் பிடியுங்கள். 220-இல் எதிர்ப்பக்கம் சாயுங்கள். சாய்ந்த கோடுகளுக்கு நடுவே நேர்க்கோடு ஒன்று மிச்சமிருந்தாலும் பளிச்சென்று காட்டிக் கொடுக்கும். அது மறைந்த பிறகும் நான்கைந்து இழுப்பு கூடுதலாக இழுங்கள். கண்ணுக்கு மறைவதும் உண்மையில் போவதும் ஒன்றல்ல.

இதைவிடக் கறாரான சோதனை ஒன்றும் இருக்கிறது. 120 முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பி220 உப்புத்தாளைத் தட்டையான இரும்புத் துண்டில் சுற்றி, கைப்பிடிப் பக்கத்திலிருந்து முனைவரை நீளவாக்கில் இருபது இழுப்பு இழுங்கள். மரத்துண்டோ ரப்பரோ வேண்டாம். அவை பள்ளத்துக்குள் வளைந்து இறங்கிவிடும், இரும்பு இறங்காது. மேடான இடமெல்லாம் நீளக் கோடு பெறும். பள்ளமும் ஆழக் கீறலும் பழைய நிறத்திலேயே நிற்கும். இதைச் செய்து பார்த்தவர்கள் பலர் முதல் முறை மனம் சோர்ந்து போவார்கள், ஏனென்றால் தட்டை என்று நம்பிய சரிவு அலை அலையாக இருப்பது அப்போதுதான் தெரியவரும். விளக்கையும் மாற்றுங்கள். தலைக்கு மேல் எரியும் குழல்விளக்கு எல்லாக் குறையையும் மறைக்கும். மேசை மட்டத்தில், அலகின் மேல் படுத்தவாறு ஒளி விழும்படி ஒரு சிறு விளக்கு போதும்; வாசலுக்கு ஓட வேண்டிய தேவை இருக்காது.

எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கடைகளில் இரண்டு அளவுமுறைகள் கலந்து கிடக்கின்றன. பின்பக்கம் "பி" (P) என்ற எழுத்தோடு வருவது ஐரோப்பிய முறை, எழுத்தில்லாமல் வெறும் எண்ணாக வருவது பெரும்பாலும் அமெரிக்க முறை. 220 வரை பெரிய வேறுபாடில்லை. அதற்கு மேல் விலகிப் போகிறது. பி400 துகளின் சராசரி அளவு 35 மைக்ரான், அமெரிக்க 400 ஏறத்தாழ 23 மைக்ரான். ஒன்று முடித்து மற்றதற்குப் போனால் முன்னேறினோமா பின்வாங்கினோமா என்று தெரியாமல் போகும். ஆகவே ஒரே முறையில் நில்லுங்கள். பி60 துகள் சுமார் 269 மைக்ரான், பி120 125, பி220 68, பி400 35. ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய பாதியாகிறது என்பதைக் கவனியுங்கள். நீங்கள் வைத்திருக்கும் வரிசை சரியான வரிசைதான், அதில் குறையில்லை. அவசரத்தில் 60-இலிருந்து நேரே 220-க்குத் தாவும் நாளில்தான் வேலை கெடும். டிரைசாக்ட் போன்ற, துகளைச் சிறு பிரமிடுகளாக ஒழுங்காக அமைத்த பெல்ட்டுகளில் எண் தலைகீழாக ஓடும்: ஏ100-ஐவிட ஏ45 நுண்மையானது, ஏ45 ஏறத்தாழ பி400-க்கு நிகர், ஏ16 பி1200-க்கு நிகர்.

இனி இயந்திரம். உங்கள் படத்தில் கோடுகளுக்கு நடுவே மங்கலான பட்டைகளும் தெரிகின்றன. அவை கீறல் அல்ல, அதிர்வின் தடம் என்று நினைக்கிறேன். ஒரு படத்தை வைத்து அதை உறுதியாகச் சொல்வதற்கில்லை. ஆனால் நீங்களே அளந்து பார்க்கலாம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்கு 1,425 சுற்று அளவில் ஓடும். அதில் பெல்ட்டை ஓட்டும் சக்கரம், அதாவது ஓட்டுச் சக்கரம், 100 மில்லிமீட்டர் விட்டத்தில் இருந்தால் பெல்ட் வினாடிக்கு ஏறத்தாழ ஏழரை மீட்டர் போகும். 48 அங்குலப் பெல்ட்டின் ஒட்டு (இரு முனைகளையும் சேர்த்து ஒட்டிய இடம்) வினாடிக்கு ஆறு முறை உங்கள் அலகைத் தட்டுகிறது. அலகை வினாடிக்கு ஐந்து சென்டிமீட்டர் நகர்த்தினால் பட்டைகள் எட்டு மில்லிமீட்டருக்கு ஒன்றாக விழும். பட்டைகளின் இடைவெளி அந்த அளவில் இருந்தால் ஒட்டின் மேல் சந்தேகப்படுங்கள். இரண்டு மில்லிமீட்டர் அளவில் நெருக்கமாக இருந்தால் ஓட்டுச் சக்கரம் வட்டமாக இல்லை என்று பொருள், ஏனென்றால் அது வினாடிக்கு இருபத்துநான்கு முறை சுற்றுகிறது. ஒட்டின் மேட்டை மின்சாரத்தை அணைத்து, பெல்ட்டைக் கையால் சுற்றி, விரல் நுனியால் தடவினாலே உணரலாம். மேடு தடிப்பாக இருக்கும் பெல்ட்டை முரட்டு வேலைக்கு ஒதுக்கிவிடுங்கள். நாடா வைத்து முனையோடு முனை சேர்த்து ஒட்டிய பெல்ட், ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டியதைவிட மென்மையாகத் தட்டும்.

பெல்ட்டின் முதுகில் நிற்கும் தட்டை இரும்பு, அதாவது பிளேட்டன், எல்லோரும் மறந்துபோகும் உறுப்பு. சாதா இரும்பில் செய்ததாக இருந்தால் சில மாதங்களிலேயே நடுவில் குழிந்துவிடும். எஃகு அளவுகோலை அதன் மேல் நெட்டாக வைத்து, பின்னால் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். ஒளி கசிந்தால் அது தட்டை அல்ல. குழிந்த பிளேட்டனில் பெல்ட்டின் இரு ஓரங்களே அழுத்தி வெட்டும், நடு சும்மா ஓடும். அலகில் பெல்ட் ஓரத்தின் கோடு விழுவதற்கு இதுவே தலையாய காரணம். கடினப்படுத்திய எஃகுத் தகட்டையோ, வெப்பம் தாங்கும் கண்ணாடிப் பீங்கான் தகட்டையோ பிளேட்டன் மேல் எபாக்சி பசையால் ஒட்டிவிட்டால் இந்தத் தொல்லை நெடுநாளுக்கு இல்லை. கிராஃபைட் துணி ஒட்டுவதைச் சிலர் பெரிதும் புகழ்கிறார்கள். அது உராய்வையும் சூட்டையும் குறைப்பது உண்மை. ஒட்டின் தட்டலையும் விழுங்கிவிடும் என்பது மட்டும் என் பட்டறையில் பாதிதான் பலித்தது. அதன் மென்மையினால் சரிவின் ஓரங்கள் மழுங்கியதும் உண்டு. கடைசி இரண்டு பெல்ட்டுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துகிறேன்.

கைப்பிடிப் பக்கத்து ஆழ வெட்டுக்கு வருகிறேன். சரிவு தொடங்கும் அந்த இடத்தில் புதிய பெல்ட்டின் விறைப்பான ஓரம் எஃகைக் கத்திபோல் கீறும். பெல்ட்டைப் பூட்டியதும், ஓடவிட்டு, அதன் ஓரத்தை ஒரு பழைய சாணைக்கல் துண்டால் மெல்லத் தொட்டு விறைப்பை உடையுங்கள். பிறகு பெல்ட் பிளேட்டனின் ஓரத்தைவிட இரண்டு மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு ஓடும்படி, பெல்ட்டைப் பக்கவாட்டில் நகர்த்தும் திருகாணியைச் சரிசெய்யுங்கள். நீட்டிய ஓரம் வளைந்து கொடுப்பதால் வெட்டுக்குப் பதிலாக மென்மையான வளைவு விழும். பிளேட்டனின் ஓரத்தையும் அரத்தால் சற்று உருட்டியிருக்க வேண்டும். ஒவ்வொரு நுண் பெல்ட்டையும் முந்தையது நின்ற இடத்தில் மோதவிடாமல், ஒரு மயிரிழை முன்பே நிறுத்துங்கள். மோதினால் அங்கே படி விழும், அந்தப் படியைத் துரத்திக்கொண்டு போனால் சரிவு கைப்பிடியை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். இவ்வளவும் செய்த பிறகும் அந்தக் கடைசி நான்கு மில்லிமீட்டரைக் கையால் தேய்ப்பதே எனக்கு வழக்கம். வட்டமான கம்பியில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தால் பத்து நிமிட வேலை. இயந்திரத்தில் அதைச் சாதிக்க நினைத்து நான் வீணாக்கிய அலகுகள் நான்கைந்து இருக்கும்.

கையின் பழக்கத்தைப் பற்றி எழுத்தில் அதிகம் சொல்ல முடியாது. முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, கையால் அல்லாமல் இடுப்பால் நகருங்கள். பெல்ட்டைத் தொடும்போதே அலகு நகர்ந்துகொண்டிருக்க வேண்டும், விலகும்போதும் நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். நின்று தொட்டால் நின்ற இடத்தில் பள்ளம். முடிவுப் பெல்ட்டில் முன்னும் பின்னும் தேய்க்காமல், கைப்பிடிப் பக்கம் தொடங்கி முனை வரை ஒரே திசையில் இழுத்து எடுங்கள். முனையை நெருங்கும்போது வாயின் வளைவுக்கு ஏற்பக் கைப்பிடியை உயர்த்தாவிட்டால் கோடுகள் அங்கே விசிறிபோல் விரிந்துவிடும்.

அழுத்தத்தையும் வேகத்தையும் பற்றி ஒரு முக்கியமான செய்தி உண்டு. செராமிக் துகள் பெல்ட், அழுத்தினால்தான் துகள் உடைந்து புதுக்கூர் காட்டும்; அதை மெல்லத் தடவினால் மழுங்கிப் பளபளத்துவிடும். ஆகவே 60 வரை செராமிக், அழுத்தம், முழு வேகம். 120-க்கு மேல் வளைந்து கொடுக்கும் மெல்லிய துணி முதுகு கொண்ட அலுமினியம் ஆக்சைடு பெல்ட், இலேசான கை, பாதி வேகம். வேகத்தைக் குறைக்க இன்வெர்ட்டர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றும் கருவி) வைத்திருந்தால் நல்லது. அதற்கு மூன்று ஃபேஸ் மோட்டார் வேண்டும். இல்லாவிட்டால் சிறிய ஓட்டுச் சக்கரம் ஒன்றைக் கடைந்து வைத்துக்கொள்ளலாம். அமெரிக்கர்களின் காணொளிகளைப் பார்த்து அதே அளவுச் சக்கரம் செய்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், ஆகவே அதே சக்கரம் நம்மிடம் ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே ஓடும். முரட்டு வேலைக்கு அது குறை, மெருகு வேலைக்கு அனுகூலம்.

புதுப் பெல்ட்டில் சில துகள்கள் மற்றவற்றைவிட உயரமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். திடீரென்று ஒற்றைக் கோடு ஆழமாக விழுந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். முடிவு வேலைக்கு முன் கடினப்படுத்திய பழைய எஃகுத் துண்டு ஒன்றில் அரை நிமிடம் ஓட்டி அந்தத் துருத்தலைத் தட்டிவிடுகிறேன். அதே வேளையில் தேய்ந்துபோன பெல்ட்டைச் சிக்கனம் கருதி ஓட்டுவதும் கூடாது. அது வெட்டாது, தேய்த்துச் சூடாக்கும். நுண் பெல்ட்டில் மெழுகு தடவினால் எஃகுத்தூள் அடைவது குறையும். இன்னொன்று, அச்சுப் பட்டறையில் உயிர்போல் காக்கும் ஒழுக்கம்: எண் மாறும்போதெல்லாம் அலகையும் பிளேட்டனையும் கையையும் துடைக்க வேண்டும். மேசையில் கிடக்கும் 60-இன் ஒரே ஒரு துகள் 400 பெல்ட்டுக்கு அடியில் போனால் அரைமணி நேர உழைப்பு போகும்.

கடினப்படுத்திய பிறகு தேய்ப்பவர்கள் சூட்டைக் கவனிக்க வேண்டும். 1084 அலகைப் பெரும்பாலும் 200 பாகை செல்சியஸ் அளவில் மறுபடி சூடாக்கிப் பதப்படுத்துவோம். தேய்க்கும்போது அதைவிடச் சூடானால் அந்த இடம் மென்மையாகிவிடும். இளமஞ்சள் நிறம் அந்த எல்லையில் தோன்றுவது. நீலம் தோன்றினால் 300 பாகையை ஒட்டிவிட்டது என்று பொருள். நீலத்தைத் தேய்த்து மறைத்தாலும் மென்மை உள்ளே இருக்கும். அக்காவுக்கு மீன் வெட்டச் செய்த கத்தியில் அப்படி மறைத்தேன். கெம்போங் மீனின் தலையில் வைத்து ஒரே வெட்டு, முனை மடிந்துவிட்டது. கையுறை இல்லாமல் பிடியுங்கள், ஒவ்வோர் இழுப்புக்கும் தண்ணீரில் நனையுங்கள். வாயோரம் நிற்கும் நீர்த்துளி ஆவியாகத் தொடங்கினால் அலகை எடுத்துவிட வேண்டும். துணிக் கையுறை பெல்ட்டில் சிக்கினால் கையையும் இழுக்கும் என்பதால் சூட்டுக்காக மட்டுமல்ல, விரலுக்காகவும் அது வேண்டாம். முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் பெல்ட்டை ஓட்டாதீர்கள். நுண் பெல்ட்டின் தூள் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மூக்கைத் துடைத்தால் கருப்பாக வரும்.

நம் ஊர்ப் புழுக்கம் இரண்டு வகையில் வேலையைக் கெடுக்கும். தண்ணீரில் நனைத்த கார்பன் எஃகைத் துடைக்காமல் சாப்பிடப் போனால், திரும்பி வருவதற்குள் செம்புள்ளி விழும். அதை எடுக்க மறுபடி 220-க்கு இறங்க வேண்டும். பெல்ட்டின் துணியும் ஈரத்தை உறிஞ்சி வளையும், ஒட்டின் பசை தளர்ந்து ஓடும்போதே தெறிக்கும். மடித்து அடுக்காமல் அகலமான குழாயில் தொங்கவிட்டு, முடிந்தால் மூடிய அலமாரியில் வையுங்கள். மலிவு என்று ஓராண்டுக்கு வாங்கி வைப்பதில் இலாபமில்லை.

எனவே, தம்பி, புதிய இயந்திரம் இப்போது வேண்டாம். டிரைசாக்ட் பெல்ட்டும், நார்ப் பஞ்சு போன்ற ஸ்காட்ச்-பிரைட் பெல்ட்டும் நல்லவைதான். ஆனால் அடியில் 60-இன் கீறல் இருக்கும்போது, ஸ்காட்ச்-பிரைட் அதை மூடி மழுக்கி, ஒரு வாரம் கழித்து வாங்கியவர் கண்ணில் படவைக்கும். முதலில் பிளேட்டனைத் தட்டையாக்குங்கள், ஒரு சாய்ந்த விளக்கு வாங்குங்கள், 120-இல் இப்போது செலவிடும் நேரத்தைப்போல் இரு மடங்கு செலவிடுங்கள். அந்த 120 முடிந்ததும் நீளவாக்கில் இருபது இழுப்பு இழுத்து, விளக்கைச் சாய்த்து வைத்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள். அதில் பட்டைகள் தெரிந்தால் பக்கத்தில் அளவுகோலையும் வைத்து எடுங்கள். ஒட்டா, சக்கரமா என்பதை இடைவெளியைப் பார்த்துச் சொல்கிறேன்.